முன்வரிசை இடம்

பத்தொன்பது வருஷம் நான் ஒரே ஒரு நடிகைக்கு ரசிகையாக இருந்தேன். ஒரிஹாரா தோவா என்பது அவருடைய மேடைப் பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வது எங்கள் ரசிகர் மன்றத்தில் வழக்கமில்லை.

அவர் நடித்த நாடகக் கம்பெனியில் எல்லோரும் பெண்கள்தான். ராஜபார்ட்டும் பெண், அவன் காதலியும் பெண், அவனைக் குத்த வரும் வில்லனும் பெண். பாட்டும் ஆட்டமுமாக மூன்று மணி நேரம் போகும். கடைசியில் மேடை அகலத்துக்கு விளக்கு வைத்த படிக்கட்டு வரும். அதன் உச்சியிலிருந்து, முதுகில் ஆளுயர இறகுகளோடு ராஜபார்ட் இறங்கி வருவார். குனிந்து பார்க்காமல் இறங்க வேண்டும். பார்த்தால் அவர் ராஜபார்ட் இல்லை. தோவா நான்கு வருஷமாக அந்தப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன்.

அவர் சேர்ந்த வருஷமே நான் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். மேடையில் நாற்பது சிப்பாய்கள். பின்வரிசையில், இடது ஓரத்தில், தீவட்டி பிடித்துக்கொண்டு ஒரு பெண். ராஜா செத்துக் கிடக்கிறார், சிப்பாய்கள் எல்லோரும் சபையைப் பார்த்துப் பாடுகிறார்கள். இவர் ஒருத்தர் மட்டும் செத்துக் கிடந்த ராஜாவைப் பார்த்துப் பாடினார். அதைக் கவனித்தது அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. 'நீங்கள் பார்த்தீர்களா! நன்றி' என்று எழுதியிருந்தது. அதோடு நான் தீர்ந்தேன்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பெயர் ஹிசாயே. இதாமி என்ற ஊரில் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் முறிந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஒரே நாடகத்தை முப்பத்தெட்டு தடவை பார்த்தேன் என்று சொன்னால் கடையில் சிரிப்பார்கள், அதற்கும் வெட்கப்பட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தொப்பியை வலப்பக்கம் சாய்த்திருந்தார், புதன்கிழமை இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தபடியே பன்னிரண்டு ஜன்னல் திரைகள் தைத்துவிடுவேன். அதெல்லாம் சந்தோஷம்தான். நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு.

மன்றத்தின் தலைவி முரோதா அக்கா. அறுபது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நாடகக் கொட்டகையின் பின்பக்கம், கலைஞர் வாசலில், எங்களை அவர்தான் வரிசையில் நிறுத்துவார். எல்லோருக்கும் ஒரே கருநீல ஸ்கார்ஃப். தோவா வரும்போது முன்வரிசை உட்கார வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாது. கூச்சல் கூடாது, தொடக் கூடாது, வீடு வரை பின்தொடரவே கூடாது. கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டலாம். அவர் வாங்கிக்கொண்டு, "வர்றேன்" என்பார். நாங்கள் சேர்ந்து, "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்போம். அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை பேரும் காலை ஆறரை மணி ரயிலைப் பிடித்தோம். யார் அதிக நாள் வந்தார்களோ அவர்களுக்கு முன்வரிசை. நான் பதினொரு வருஷமாக முன்வரிசை.

எனக்குப் பக்கத்து இடம் நோபுயோவுக்கு. பக்கத்து ஊரான அமாகசாகியில் ஒரு ஹோட்டலில் விருந்துகளுக்கு மண்டபம் பதிவு செய்யும் மேசையில் வேலை. நாற்பத்தொன்பது வயது, குள்ளம், வாய் ஓயாது. குளிரில் நின்றுகொண்டிருக்கும்போது அவள்தான் எங்களுக்கு அடுப்பு.

"அக்கா, நேத்து மூணாவது பாட்டுல தோவா கன்னத்துல ஒரு ஈ உக்காந்துச்சு, பாத்தீங்களா?"

"பாக்கலையே."

"அந்த ஈக்கு இருக்கற குடுப்பினை நமக்கு இருக்கா, சொல்லுங்க. டிக்கெட்டும் இல்ல, மன்றமும் இல்ல, நேரா போய் கன்னத்துல உக்காருது!"

முரோதா அக்கா திரும்பி முறைப்பார். நோபுயோ வாயைப் பொத்திக்கொள்வாள். உட்காரும்போது அவள் முட்டி சத்தம் போடும், அதற்கும் ஏதாவது சொல்வாள். அவள் இல்லாதபோது நாங்கள் அவளைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். 'ஓட்டை வாய்' என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன மார்ச் மாதம் முரோதா அக்கா ஒரு மத்தியானம் எங்கள் கடைக்கே வந்தார். திரைத்துணி பார்ப்பது போல ஒவ்வொரு உருளையாகத் தொட்டுக்கொண்டே வந்து, என் தையல் மெஷின் பக்கத்தில் குனிந்தார்.

"ஹிசாயே, வெள்ளை ஸ்கார்ஃப் இருநூத்தி நாப்பது தைக்க முடியுமா? நவம்பருக்குள்ள."

வெள்ளை என்றாலே ஒரே ஒரு அர்த்தம்தான். கம்பெனியை விட்டு ஒரு நடிகை விலகும் கடைசி நாளன்று, அவருடைய மன்றம் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தும். என் கால் மெஷின் மிதியில் இருந்தது, எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ஊசி வெறுந்துணியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"கம்பெனிக்குச் சொல்லியாச்சு. கூட நடிக்கறவங்களுக்கு இன்னும் தெரியாது. இந்த நாடகம் முடியற அன்னிக்கு அவங்களே எல்லாரையும் உக்காரவச்சுச் சொல்லணும்னு நெனைக்கறாங்க. அதுக்கப்புறம்தான் வெளியில. மன்றத்துல தெரிஞ்சது மூணு பேருக்கு. எனக்கு, துணிக்காக உங்களுக்கு, விடைபெறும் விருந்துக்கு மண்டபம் வேணும்னு நோபுயோவுக்கு."

"நோபுயோவுக்கா?"

"வேற வழி? அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். உங்ககிட்ட அது தேவையில்லை."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தோவா போகப் போகிறார் என்ற துக்கத்தோடு துக்கமாக, எனக்குச் சத்தியம் தேவையில்லை என்பதும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் அந்த ரகசியத்தைச் சுமந்தேன். பதினோராம் நாள் மத்தியான ஆட்டத்துக்குப் பிறகு, ஸ்டேஷன் எதிரிலுள்ள காபிக் கடையில் குசுமோதோ அம்மாளைப் பார்த்தேன். வேறொரு ராஜபார்ட்டின் மன்றத்தைச் சேர்ந்தவர். கணவர் டாக்டர். எப்போதும் மேடைக்கு இரண்டாம் வரிசை, எப்போதும் எல்லாச் செய்தியும் முதலில். இருபது வருஷமாக முகம் பார்த்த பழக்கம். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எங்க மன்றத்துல அடுத்த வருஷம் என்ன நாடகம்னு இப்பவே சொல்லிட்டாங்க. உங்க மன்றத்துல எல்லாம் அப்படிச் சொல்ற வழக்கம் இல்லையோ?"

"எங்களுக்கும் சொல்லுவாங்க."

"எங்க? பாவம், நீங்க எல்லாம் கால் கடுக்க நிக்கறது மட்டும்தான். விஷயம் டிவியில வந்தப்புறம்தான் உங்களுக்குத் தெரியும்." சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாதவர் போலத்தான் சிரித்தார். "விசுவாசம் இருந்தா போதுமா ஹிசாயே, உள்ள நுழையவும் தெரியணும்."

எழுந்து போயிருக்கலாம். காபி இன்னும் வந்திருக்கவில்லை, அதைச் சாக்காகச் சொல்லியாவது போயிருக்கலாம். நான் முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன்: "நான் இப்ப வெள்ளைத்துணி வெட்டிக்கிட்டிருக்கேன்."

அந்த அம்மாளின் கரண்டி நின்றது. அந்த முகத்தில் அப்போது வந்த மரியாதையை நான் நன்றாகவே பார்த்தேன். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். என் கையைப் பிடித்து, "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். நானும் ஏதோ பெரிய மனுஷி போலத் தலையசைத்தேன்.

எட்டு நாள் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. 'ஒரிஹாரா தோவா விலகுகிறார். மன்றத்தில் வெள்ளை உடை தயார்.' தோவாவுக்கு ஜோடியாக நடித்த பெண் அதை ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த ஆள் விரித்துப் படித்த பக்கத்தில் பார்த்தாளாம். அழுது வீங்கிய கண்ணோடு ஒப்பனை அறைக்கு வந்தாளாம். தோவா அன்று ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் காலிலும் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாராம். மறுநாளே அவசர அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். அன்று காலை கலைஞர் வாசலில் தோவா எங்களைப் பார்த்து, "உங்களையெல்லாம் வருத்தப்பட வச்சுட்டேன்" என்றார். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் குசுமோதோ அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"நானா? யார்கிட்டயும் சொல்லலையே! என் தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ ரொம்ப அழுத்தக்காரி. நீங்கதான் வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள பொதுக்கூடத்தில் முரோதா அக்கா மன்றத்தைக் கூட்டினார். மாடியில் பாய் விரித்த அறை. அறுபது எழுபது பேர் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். முரோதா அக்கா சத்தம் போடவில்லை. கணக்கு டீச்சர், பலகையில் கணக்கு போடுவது போலச் சொன்னார்.

"பத்திரிகையில வெள்ளைன்னு வந்திருக்கு. வெள்ளை தைக்கறது கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாது. அப்ப இங்கேர்ந்துதான் போயிருக்கு. தெரிஞ்சது மூணு பேருக்கு. என்னைத் தவிர ரெண்டு பேர், ஹிசாயேயும் நோபுயோவும்."

யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அத்தனை தலையும் நோபுயோ பக்கம் போயிற்று.

"நான் சொல்லலை" என்றாள் அவள்.

"உன் வாயி ஊருக்கே தெரிஞ்ச வாயி" என்றாள் ஒருத்தி.

"போன வருஷம் அந்தப் பிறந்தநாள் பரிசு விஷயம் யார் உளறினது?" என்றாள் இன்னொருத்தி.

"அது நான்தான். ஒத்துக்கறேன். இது நான் இல்ல. என் புருஷன்கிட்டகூடச் சொல்லலை. மண்டபத்தைக்கூட எங்க சின்னம்மா பேர்லதான் எழுதினேன்." நோபுயோவின் கழுத்து சிவந்துவிட்டது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவள் போல. "நான் இல்லன்னா அப்ப ஹிசாயே அக்காதான். அவங்களைக் கேளுங்க."

அறையே கொதித்தது.

"சீ! செய்யறதையும் செஞ்சுட்டு அடுத்தவ தலையிலயா?"

"பத்தொம்பது வருஷமா வர்றவங்க மேலயா பழி போடற?"

"வெக்கமா இல்ல உனக்கு?"

முரோதா அக்கா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். என் பக்கம் திரும்பினார். அவர் நியாயமானவர், என்னையும் கேட்டார். "ஹிசாயே, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. முன்வரிசையில் என் இடத்தை நினைத்தேன். கடைசி நாளன்று தோவா வெளியே வரும்போது நான் எங்கே இருப்பேன் என்று நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"விடுங்க அக்கா. நோபுயோவைத் திட்டாதீங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டா."

பொய் சொல்லவில்லை என்று வேறு அப்போது சமாதானம் செய்துகொண்டேன். 'நான் சொல்லவில்லை' என்று நான் சொல்லவில்லையே! ஆனால் என் குரல் இருந்த இருப்பு! அவ்வளவு மென்மை, அவ்வளவு பெருந்தன்மை. பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பாத்தியா, உனக்காகவே பேசறாங்க" என்று நோபுயோவை இன்னொருத்தி குத்தினாள்.

நோபுயோவின் வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படாத ஒரே நாள் அதுதான். கருநீல ஸ்கார்ஃபைக் கழற்றி நான்காக மடித்துப் பாயில் வைத்தாள். எழுந்தபோது முட்டி சத்தம் போட்டது, யாரும் சிரிக்கவில்லை. கீழே அவள் செருப்பு மாட்டிக்கொள்ளும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

கூட்டம் முடிந்து இறங்கும்போது முரோதா அக்கா என் காதருகில், "ஸ்கார்ஃப்ல ஒண்ணு குறைச்சுக்கங்க" என்றார்.

இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. பிறகு ஒரு பெட்டி யோகான் வாங்கிக்கொண்டு அமாகசாகிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் அதே இனிப்பு, நல்ல கனமான பெட்டி. ஹோட்டலில் நோபுயோ சாம்பல் நிறச் சீருடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து குனிந்து வணங்கினாள்.

"வாங்க. எந்த விருந்துக்குங்க?"

"நோபுயோ..."

"தேதி சொன்னீங்கன்னா மண்டபம் காலியா இருக்கான்னு பாக்கறேன்."

"நான்தான் சொன்னேன். குசுமோதோ அம்மாகிட்ட. என் வாய்தான்."

அவள் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணு. அதுக்கு முரோதா அக்கா மாதிரி கணக்கு டீச்சரா இருக்கணுமா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்."

"எப்ப?"

"கடைசி நாளுக்கு முன்னாடி."

"நவம்பர் வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள். இனிப்புப் பெட்டியை என் பக்கமே தள்ளினாள். "இதை எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க இனிப்பு நிறைய இருக்கு."

நான் சொல்லவில்லை. ஏப்ரல் போயிற்று, ஜூன் மாத மழைக்காலம் போயிற்று, கோடை போயிற்று. ஒவ்வொரு திங்களும் இந்த வாரம் என்று எழுந்தேன். தோவாவின் கடைசி நாடகம் தொடங்கியது. அதை நான் நாற்பத்தோரு தடவை பார்த்தேன். இரண்டாம் அங்கத்தில் அவர் தனியாக நின்று பாடும் பாட்டில், முன்பெல்லாம் மேலே போகும் இடத்தில் இப்போது குரலை இறக்கிப் பாடினார். யாருக்கும் கேட்க வேண்டும் என்று இல்லாமல், தனக்கே பாடிக்கொள்வது போல. சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்கூட இராது. அதைக் கேட்டபிறகு, நாளைக்குச் சொல்லலாம், கடைசி நாள் முடியட்டும், இதை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்று மனசு கெஞ்சும். நானும் விட்டுவிடுவேன். அவர் பாட்டையே என் கோழைத்தனத்துக்குப் போர்வையாக்கினேன்.

கடைசி நாள் வந்தது. ஆற்றங்கரைச் சாலை முழுக்க ஜனம், பாலம் வரைக்கும். எங்கள் மன்றம் மட்டும் வாசல் எதிரில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. எல்லோர் கழுத்திலும் நான் தைத்த ஸ்கார்ஃப். முன்வரிசையில் நான். என் பக்கத்து இடத்தில் புதிதாக வந்த ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணி இருக்கும். பொதுஜனத்தை நிறுத்தியிருந்த கயிற்றுக்கு அப்பால், பாலத்தின் கைப்பிடி ஓரமாக, ஏழெட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறச் சீருடை தெரிந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். எட்டிப் பார்க்கக் குதிகாலை உயர்த்துவதும், முடியாமல் இறங்குவதுமாக இருந்தாள். முன்னால் நின்ற ஆளிடம் ஏதோ கேட்டாள், அவன் நகரவில்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு கதவு திறந்தது. ஆயிரம் பேர் ஒரே மூச்சாக இழுத்தது காற்று வந்தது போல இருந்தது. தோவா எங்களை நோக்கி நடந்து வந்தார். முரோதா அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, என் முன்னால் வந்து நின்றார்.

"ஹிசாயே அக்கா, நான் செத்த ராஜாவைப் பாத்ததை நீங்கதான் பாத்தீங்க. அந்தக் கடிதத்தை இன்னும் வச்சிருக்கேன்" என்றார். நான் ஏதோ முனகினேன். அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அப்புறம் அந்த விஷயமும் முரோதா அக்கா சொன்னாங்க. அந்தம்மாவைத் திட்டாதீங்கன்னு நீங்க கேட்டுக்கிட்டீங்களாமே. அப்படிப்பட்டவங்க என் மன்றத்துல இருந்தாங்கன்னு நெனைச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

நான் தலையைக் குனிந்தேன். நெற்றி தரையில் படும் வரை குனிந்தேன். கண்ணுக்கு முன்னால் தார்ச்சாலையின் பொடிக்கல், யாரோ மிதித்த ஒரு சிகரெட் முனை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கைதட்டல், அழுகை, "நன்றி! நன்றி!" என்ற குரல்கள். பக்கத்திலிருந்தவள் என் தோளை உலுக்கினாள். நிமிர முடியவில்லை. நிமிர்ந்தபோது கார் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாம்பல் சீருடையும் அங்கே இல்லை.

நடிகை விலகினால் மன்றமும் கலையும். அடுத்த ஞாயிறு அதே மாடி அறையில் கடைசியாகக் கூடினோம். தேநீரும் மோச்சி என்ற அரிசிப் பலகாரமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து தனக்குப் பிடித்த காட்சியைச் சொன்னாள். என் முறை வந்தபோது எழுந்து நின்று சொன்னேன். காபிக் கடை, குசுமோதோ அம்மாள், வெள்ளைத்துணி, எல்லாம். "நோபுயோ உண்மையைத்தான் சொன்னா. அவ வாயை அடைச்சது நான்" என்றேன்.

என் முதுகைத் தடவிக்கொடுத்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "மன்றமே முடிஞ்சு போச்சு. இனிமே இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்கறதாலயா?"

"ஆமா" என்றேன். அவள் சொன்னது சரி.

"சொல்லாமலே இருந்திருக்கலாம். எங்களுக்காவது நல்ல ஞாபகம் மிஞ்சியிருக்கும்" என்றாள் வேறொருத்தி, அழுதுகொண்டே.

முரோதா அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் தோவாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா உங்களைப் பத்தி" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் பாயின் நடுவில் வைத்து, அதன் முன்னால் முழங்காலிட்டார்.

"நோபுயோ, முரோதா பேசறேன். மன்றம் முழுக்க இங்க இருக்கு. ஹிசாயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தப்பு பண்ணிட்டோம். நான்தான் முதல்ல தப்பு பண்ணினேன். விசாரிக்காம முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ." அறுபது வயசுக்காரர், ஒரு போனுக்கு முன்னால் தலை குனிந்து வணங்கினார். அறையில் எல்லோரும் வணங்கினார்கள்.

போனில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடிய சத்தம்.

"சரிங்க அக்கா" என்றாள் நோபுயோ. "ஹிசாயே அக்கா இருக்காங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

"நான் பாலத்துகிட்ட நின்னேன். ஒண்ணும் தெரியலை. முன்னாடி ஒரு தடியன், ஒட்டகம் மாதிரி. எல்லாரும் கத்தறாங்க, எனக்கு அவன் முதுகுதான் தெரியுது." அவள் குரல் பழைய நோபுயோவின் குரலாக ஆகிக்கொண்டே வந்தது. "நீங்க முன்வரிசைதானே. சொல்லுங்க. கார்ல ஏறறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் திரும்பினாங்களாமே, அப்ப முகம் எப்படி இருந்துச்சு? அழுதாங்களா, சிரிச்சாங்களா? பத்திரிகையில ஒருத்தன் அழுதாங்கன்னு போட்டிருக்கான், ஒருத்தன் சிரிச்சாங்கன்னு போட்டிருக்கான். பூவை எந்தக் கையில வச்சிருந்தாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கலை" என்றேன்.

"என்னது?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என்னால நிமிர முடியலை. கார் போனப்புறம்தான் நிமிர்ந்தேன். முகத்தைப் பாக்கலை நோபுயோ."

"பாக்கவே இல்லையா?" என்றாள் மெதுவாக. "அப்ப அந்த இடத்தை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணினீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

முரோதா அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். நானும் உதவப் போனேன். "நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருத்தி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, அந்நியரிடம் பேசும் மரியாதையோடுதான் சொன்னாள். நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.